பள்ளிக்கூடத்தை விட்டோம், மணியை விடவில்லை

பள்ளிக்கு அனுப்பாமல் வளர்க்கும் எங்கள் பிள்ளைகள் குழுவின் முதல் வியாழக்கிழமைக்காக நான் வாங்கியது ஒரு கைமணி. தென்னாப்பிரிக்காவில் டர்பன் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் பூஜை சாமான் கடையில் எடுத்தேன். டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஐந்து குடும்பத்துப் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். மதில்மேல் குரங்குக் கூட்டம். அதிலொன்று அடுப்படிக்குள் புகுந்து, ரொட்டிப் பாக்கெட்டைக் கிழிக்காமல் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி பத்தாகிவிட்டது, ‘ப்ராஜெக்ட் நேரம்’ என்று நான் மணியை ஆட்டினேன். குரங்கு ஓடியது, பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம் ஒருவர் வாயிலிருந்தும் ஒரு கேள்வி வரவில்லை.

பள்ளிக்கு அனுப்பாமல், பாடத்திட்டமும் வைக்காமல், பிள்ளையின் ஆர்வத்தின் வழியில் போவதைத்தான் அன்ஸ்கூலிங் என்கிறார்கள். 1970களில் அமெரிக்காவில் கல்வியாளர் ஜான் ஹோல்ட் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். தனியாகச் செய்தால் பிள்ளைக்குக் கூட்டாளி இருக்காது என்பதால் குடும்பங்கள் சேர்ந்து குழுவாகிறார்கள். நான் பார்த்தவரை குழுவில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி பெரியவர்களுடையவை. பிள்ளை பள்ளியைவிட்டு வந்துவிடும், நமக்குள் இருக்கும் பள்ளி லேசில் வெளியே போகாது.

என் மூத்தவன் கிரேடு 7 முடித்துவிட்டு நின்றான். முதல் இரண்டு மாதம் பதினோரு மணிவரை தூக்கம், அப்புறம் கேம். மூன்றாவது வாரத்திலேயே எனக்கு நடுக்கம் வந்து, அரசுப் பாடத்திட்டத்துப் பயிற்சிப் புத்தகங்களை ஒரு கட்டாக வாங்கி மேசைமேல் வைத்தேன். அவன் அதன்மேல் ரிமோட்டை வைத்தான். பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதம் சும்மா விடச் சொல்வார்கள் இதில் பழுத்தவர்கள். அதை டீஸ்கூலிங் என்பார்கள். கிரேடு ஆர் (ஒன்றாம் கிரேடுக்கு முந்தைய வகுப்பு) சேர்த்து எட்டு வருஷம் என்றால் எட்டு மாதம். இது அறிவியல் கணக்கில்லை, பெற்றோர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்க ஒரு கணக்கு. மூன்றாவது வாரத்தில் புத்தகம் வாங்குபவர்கள் அந்த மூன்று வாரத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பிறகு ஒரு சனிக்கிழமை, அவன் பெரியப்பாவோடு சாட்ஸ்வர்த்தில் உள்ள பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போனான். பெரியப்பாவுக்கு அங்கே காய்கறிக் கடை. 200 ரேண்டுக்கு ஒரு மூட்டை மதும்பி, அதாவது நம்மூர்ச் சேப்பங்கிழங்கு. பையன் பத்து ரேண்டு கூறாகக் கட்டினான். இருபத்தாறு கூறு வந்தது. அழுகல் பட்டவற்றை வெட்டித் தனியாக வைத்து, மதியத்துக்குமேல் ஐந்து ரேண்டுக்குத் தள்ளிவிட்டான். கூறு சின்னதாகத் தெரிந்தால் பாட்டிமார் கை வைப்பதில்லை என்று பெரிய கிழங்கை மேலே வைக்கவும் தொடங்கினான். (அது நேர்மையா என்று வீட்டில் பெரிய விவாதமே நடந்தது.) இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் கண்கள் மின்னச் சொன்னான். நான் என்ன செய்தேன்? “சரி, அப்போ லாபம் எத்தனை சதவீதம்?” என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. “தெரியாதும்மா” என்று எழுந்து போனான். தெரியாமல் இல்லை. சொந்தமாகச் செய்த ஒன்றை நான் பரீட்சை ஆக்கிவிட்டேன். எல்லாவற்றிலும் பாடம் பிழியும் இந்தப் பழக்கம் மணியைவிட மோசம். மணியாவது கண்ணுக்குத் தெரியும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சுதந்திரம் என்று சொல்லிப் பெரியவர்கள் சமையலறையில் டீயோடு ஒதுங்கிவிடுவது. எங்களிடம் அது நடந்தது. பன்னிரண்டு வயது இருவர் எல்லாவற்றையும் தீர்மானித்தார்கள், ஏழு வயதுச் சிறுமிக்கு ஊஞ்சல் கிடைத்ததே இல்லை. அவள் அதைச் சொல்லவும் இல்லை, வயிற்றுவலி என்று வராமல் இருக்க ஆரம்பித்தாள். 1968 முதல் அமெரிக்காவில் நடக்கும் சட்பரி வேலி பள்ளியில் வகுப்பு கட்டாயமில்லை என்பதை மட்டும் நாம் கேட்டுக்கொள்கிறோம். அங்கே சிறுவர் பெரியவர் எல்லோருக்கும் ஆளுக்கொரு வாக்குள்ள கூட்டம் உண்டு, எழுதிவைத்த விதிகள் உண்டு, மீறினால் விசாரணையும் உண்டு. அதைப் பார்த்து நாங்களும் ஒரு கோடுபோட்ட நோட்டு வாங்கினோம். பிள்ளைகள் போட்ட முதல் விதி: ‘நிறுத்து என்றால் உடனே நிறுத்தணும்.’ பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இந்த மண்ணில் இது புதிதுமில்லை. 1910இல் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் டால்ஸ்டாய் பண்ணையில் காந்தி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள், எழுத்து தெரியாது. காந்திக்கோ கப்பலிலும் சிறையிலும் படித்த அரைகுறைத் தமிழ்தான். பேச்சில் பிள்ளைகளே அவரை ஜெயித்துவிடுவார்கள், ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் வந்தால் அவர்கள்தான் மொழிபெயர்த்தார்கள். தன் அறியாமையை மறைக்காததால்தான் சமாளித்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். இங்கே பல வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ‘எனக்கே தமிழ் சரியாக வராது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?’ என்று விட்டுவிடுகிறோம், அல்லது தெரிந்ததுபோல் நடிக்கிறோம். திருநெல்வேலியிலிருந்து வந்தவள் என்பதால் தமிழுக்கு நான் என்று ஒதுக்கிவிட்டார்கள். அதுவும் தவறுதான், தமிழ் என்றால் அது அந்த ஆன்ட்டியின் வேலை என்று பிள்ளைகளுக்குப் பதிந்துவிட்டது. காந்தியும் ஒருநாள் பொறுமையிழந்து ஒரு பையனை ரூலரால் அடித்தார், அடித்துவிட்டு நெடுநாள் வருந்தினார். அவருக்கே அப்படியென்றால் நமக்கெல்லாம் ஒரு நோட்டில் விதி எழுதிவைப்பது நல்லது.

சட்டத்தை இங்கே பலர் தொட மாட்டார்கள். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் ‘அன்ஸ்கூலிங்’ என்று தனியாக ஒன்று கிடையாது. அதன் பார்வையில் எல்லாமே வீட்டுக்கல்விதான், மாகாணக் கல்வித்துறையில் பதிய வேண்டும். 2024 டிசம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கும் பெலா சட்டம் (அடிப்படைக் கல்விச் சட்டங்களின் திருத்தம்) கிரேடு ஆர் வகுப்பையும் கட்டாயமாக்கியது, பிள்ளையைக் காரணமில்லாமல் கல்விக்கு வெளியே வைத்திருக்கும் பெற்றோருக்கான சிறைத்தண்டனையின் உச்சத்தை ஆறு மாதத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியது. கட்டாயக் கல்வி 15 வயது அல்லது கிரேடு 9 வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை. வீட்டுக்கல்விப் பிள்ளைகளை ஒவ்வொரு கட்டத்தின் (சில கிரேடுகள் சேர்ந்தது ஒரு கட்டம்) முடிவிலும் தகுதியுள்ள ஒருவர் மதிப்பிட வேண்டும். அதனால் பங்களாதேஷ் மார்க்கெட் கணக்கையும் குரங்குப் படங்களையும் தேதி போட்டு ஒரு ஃபைலில் போட்டுவையுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் குழு வளரும்போது வரும். வாரம் ஐந்து நாள் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போவது, மாதக் கட்டணம், சம்பளத்துக்கு ஒருவர் என்று ஆனால் அதிகாரிகள் கண்ணுக்கு அது பதிவில்லாத தனியார் பள்ளி. தனியார் பள்ளிக்குத் தனிப் பதிவு வேண்டும். நாங்கள் வாரம் ஒரு நாள், பெற்றோர் கூடவே இருப்பது என்று நிறுத்திக்கொண்டோம். வெளியாள் யாராவது பிள்ளைகளோடு வேலை செய்ய வந்தால், அவர் எவ்வளவு தெரிந்தவரானாலும், சிறார் பாதுகாப்புப் பதிவேட்டின் பி பகுதியில், அதாவது பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் பட்டியலில், பெயர் இல்லை என்பதைப் பார்த்துவிடுங்கள். கோயில்கமிட்டிக்காரர் என்பதெல்லாம் சான்றிதழ் இல்லை.

கடைசியாக மெட்ரிக், அதாவது கிரேடு 12 இறுதித் தேர்வு. ‘ஆசை வந்தால் 17 வயதில் எழுதிக்கொள்ளட்டும்’ என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் கிடைக்கும் தேசிய சீனியர் சான்றிதழ் அப்படி வேலை செய்யாது. கிரேடு 10லிருந்தே பாடப்பிரிவு தொடங்கிவிடும், பெரும்பாலான பாடங்களில் இறுதி மதிப்பெண்ணில் கால்பங்கு வருடம் முழுக்க நடக்கும் மதிப்பீட்டிலிருந்து வருகிறது. தனித்தேர்வராக எழுத வேண்டுமென்றால் பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் தேர்வுகள் ஒரு வழி, ஆனால் செலவுண்டு. பெரியவர்களுக்கான சீனியர் சான்றிதழுக்கு 21 வயதாக வேண்டும். முடிவு பிள்ளையுடையது. ஆனால் இந்த வழிகளைப் பற்றிய தகவலை 14 வயதிலேயே அவன் முன்னால் வைப்பது நம் வேலை.

என் மகனுக்கு இப்போது 15. கேம்பிரிட்ஜ் பாடங்களையும் ஒவ்வொன்றுக்கும் உள்ள கட்டணத்தையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். போன வாரம் இரண்டு பாடங்களுக்கு நேராகப் பென்சிலில் டிக் இருந்தது. நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை.