கண் எங்கே நிற்க வேண்டும்?

10 மீட்டர் ஏர் பிஸ்டல் துப்பாக்கிச் சுடுதலில் முதல் 20 ஷாட் நன்றாகப் போகும். பத்துக்கு ஒரு 8 புள்ளி விழுந்துவிட்டால் அடுத்த பத்தும் கெட்டுப்போகும். இப்படியே ஒரு வருடம் தவித்தேன்.

கோளாறு என் கண்ணில்தான். டார்கெட்டின் நடுவில், 10 புள்ளி தரும் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அதையே வெறித்துப் பார்த்தேன். பார்க்க வேண்டியது முன் சைட்டை, அதாவது குழல் நுனியில் நிற்கும் குறிக்கட்டையை. டார்கெட் மங்கலாகத் தெரிவதுதான் சரி.

மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு மாடி அறையில், பெல்லட் (குண்டு) போடாமல் ட்ரை ஃபயரில் வைத்து, வெள்ளைச் சுவரை நோக்கி தினம் 40 முறை ட்ரிகர் இழுத்தேன். சுவரில் குறியே கிடையாது, ஆசைப்பட ஒன்றுமில்லை. முன் சைட் கறுப்பாக, கூர்மையாக நிற்கும். பின் சைட்டின் பள்ளத்துக்குள் அதன் இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சக் கீற்று. ட்ரிகர் விழும்போது அந்தக் கீற்று அசையக்கூடாது. அவ்வளவுதான் வேலை.

வெளியே கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தென்னையை உலுக்கும், ஜன்னல் தடதடக்கும். முதலில் எரிச்சலாக வரும். மூன்றாவது வாரம் சத்தம் காதில் விழுந்தது, மனசை இழுக்கவில்லை.

குறி பார்த்து 8 நொடிக்குள் சுட முடியாவிட்டால் சுடாமல் கையை இறக்கிவிடுவேன். இதுதான் பழக ரொம்பக் கஷ்டம். ஆனால் அவசரம் எதற்கு, போட்டியில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் இருக்கிறதே!

போன வாரம் ஒரு 7 விழுந்தது. பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு நிதானமாக மூச்சு விட்டேன். அடுத்தது 10.