புகைக்குழாய் வைத்த விறகடுப்பு: கடலோர வீட்டுக்கு ஏற்ற மாதிரி கட்டுவதும் எரிப்பதும்

உள்ளே கேஸ் அடுப்பு இருந்தாலும், எங்கள் பக்கம் பின்சாய்ப்பில் ஒரு விறகடுப்பு இல்லாத வீடு குறைவு. குளிக்க வெந்நீர் போட, நெல் அவிக்க, விருந்தாள் வந்தால் பெரிய சட்டி ஏற்ற அது வேண்டும். மண்சட்டி மீன்குழம்புக்கு விறகுதான் என்று அம்மா இன்னும் பிடிவாதமாக இருக்கிறார். சிக்கல் புகைதான். அதற்காகச் சட்டி வைக்க இரண்டு குழி விட்டு, புகைக்குழாய் ஏற்றி ஒரு மண் அடுப்பு கட்டினோம். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், உச்சிப்புளி பக்கத்து உப்புக் காற்றில் அது ஒழுங்காக இழுக்கும்படி செய்ததுதான் பெரிய பாடு. அதை அப்படியே எழுதுகிறேன்.

செங்கல் அடுக்குவது, மண் குழைப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இடம்

கேஸ் சிலிண்டர் இருக்கும் அறையில் விறகடுப்பு வேண்டாம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு படரும். விறகடுப்பின் வாயும் தரையோடுதான் இருக்கிறது. அதனால் எங்கள் அடுப்பு பின்சாய்ப்பில், இரண்டு பக்கம் திறந்த இடத்தில் இருக்கிறது.

அடுப்பைச் சுற்றி மூன்று அடிக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. கிடுகு (முடைந்த தென்னோலை), சாக்கு, மண்ணெண்ணெய் கேன், காயப்போட்ட துணி எல்லாம் இதில் சேர்த்தி. எங்கள் ஊர் வீடுகளில் இன்னொன்றும் உண்டு: சாய்ப்பில் சுருட்டி வைத்த நைலான் வலை. அது பற்றினால் உருகிச் சொட்டும், தோலில் ஒட்டிக்கொள்ளும். முதலில் அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

மண்ணும் உடலும்

கண்மாய்க் களிமண்ணோடு கொஞ்சம் செம்மண், உமி, சாணி. கடற்கரை மணலை மட்டும் கலக்காதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வாடைக் காற்று தொடங்கியதும் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். வீட்டு வாசலிலேயே மணல் கிடக்கும்போது ஆசை வரும்தான். ஆற்று மணலோ எம்சாண்டோ போடுங்கள்.

விறகு வைக்கும் வாய் ஆறு அங்குலத்துக்கு ஆறு அங்குலம் போதும். அகலமாக வைத்தால் குளிர்ந்த காற்று அளவுக்கு மீறி உள்ளே போய்த் தீயின் சூட்டைக் குறைத்துவிடும். முதல் குழியிலிருந்து இரண்டாவது குழிக்கு ஒரு சுரங்கம், அங்கிருந்து குழாய்க்கு ஒரு வழி. இரண்டாவது குழிக்குக் கீழே மண்ணை மேடாக்கி, சட்டியின் அடிக்கும் அந்த மேட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் விடுங்கள். அப்போதுதான் போகிற சூடு சட்டியை நக்கிவிட்டுப் போகும். விறகுக்கு அடியில் ஒரு வார்ப்பிரும்புக் கம்பித்தட்டு போட்டால் கீழிருந்து காற்று வரும், ஊதாங்குழலுக்கு வேலை குறையும். மெல்லிய கம்பியை வளைத்துச் செய்த தட்டு சீக்கிரம் வளைந்துவிடும், வாங்காதீர்கள்.

குழிகளின் விளிம்பை உங்கள் சட்டியை வைத்தே அளவெடுங்கள். சட்டி பொருந்தி உட்கார வேண்டும். சந்து இருந்தால் அத்தனை புகையும் அந்தச் சந்து வழியாக முகத்துக்கு வரும்.

குழாய்

நான்கு அங்குலக் குழாய். எதில் செய்தது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

பி.வி.சி. குழாய் கூடவே கூடாது. 80 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே தளர்ந்துவிடும், எரிந்தால் நச்சுப்புகை. பழைய சிமென்ட் குழாய் கிடைத்தால் அதையும் ரம்பத்தால் அறுக்காதீர்கள். அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், மலிவு. ஆனால் அடுப்பை ஒட்டிய முதல் துண்டாக அதைப் போடக்கூடாது. துத்தநாகம் சுமார் 420 டிகிரியில் உருகும், பூச்சு போய்விடும், ஆவியும் கெடுதல். கீழ் மூன்று அடிக்குச் சுடுமண் குழாய் அல்லது கறுப்பு இரும்புத் தகடு, அதற்கு மேல் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) என்பது என் கணக்கு. கடலுக்கு அருகில் 304 ரகத்திலேயே பழுப்புக் கறை விழுகிறது. காசு இருந்தால் 316 போடுங்கள். ஜி.ஐ.தான் கட்டுப்படியாகும் என்றால் போடுங்கள், ஆனால் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் தட்டிப் பாருங்கள். துரு உள்ளேயிருந்துதான் தின்னும், வெளியே பளபளவென்றே இருக்கும்.

இணைப்பில் ஒரு சங்கதி. எங்களுக்கு வேலை செய்த கொத்தனார், "புகை மேலதானண்ணே போகுது, மேல் குழாய் கீழ்க் குழாய மூடுற மாதிரி மாட்டணும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குழாய்க்குள் புகை மட்டும் போவதில்லை. குளிர்ந்த இடத்தில் அது கறுப்புப் பிசினாகி, தண்ணீரோடு கீழே வழிகிறது. கொத்தனார் முறையில் மாட்டினால் அது ஒவ்வொரு இணைப்பிலும் வெளியே கசிந்து சுவரெல்லாம் தார் கோடு போடும். மேல் குழாயின் முனை கீழ்க் குழாய்க்கு உள்ளே இறங்கவேண்டும். அப்போது வழிவது அடுப்புக்கே திரும்பி எரிந்துபோகும். ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று திருகாணி போடுங்கள்.

கூரையைத் தாண்டும் இடம் அடுத்தது. ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் பனஞ்சட்டத்துக்கும் குறைந்தது ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். "இத்தனை நாளா ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். ஆண்டுக்கணக்கில் சூடு பட்ட மரம் உள்ளுக்குள் கருகி, முன்னைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றும் நிலைக்கு வந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் துளை போடுவதைவிட அந்த ஒரு ஷீட்டைக் கழற்றிவிட்டுத் தகர ஷீட் போடுவது மேல். கிடுகுக் கூரை என்றால் அதன் வழியே குழாய் ஏற்றவே வேண்டாம். அடுப்பைத் தனியே, வெட்டவெளியில் தகரக் கூரைக்குக் கீழே வையுங்கள்.

குழாயின் தலை

இங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

குழாய் கூரையைத் தாண்டி ஒரு முழம் நின்றது, மேலே சீன மூங்கில் தொப்பி மாதிரி ஒரு மூடி. பங்குனியில் நன்றாக இழுத்தது. ஆனி பிறந்து கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசத் தொடங்கியதும் புகை அத்தனையும் அடுப்பு வாய் வழியாகத் திரும்பி வந்தது. மறுபடி வாடையிலும் அதே கதை. அடைப்பு என்று நினைத்து இரண்டு முறை கழற்றிப் பார்த்தோம், உள்ளே ஒன்றும் இல்லை.

காரணம் இரண்டு. முதலாவது உயரம். மாடிச் சுவரிலோ பக்கத்து வீட்டிலோ மோதும் காற்று அங்கே அழுத்தமாகி, சுழன்று கீழே இறங்கும். குழாய் வாய் அந்தச் சுழலுக்குள் இருந்தால் காற்று குழாய்க்குள் புகுந்து புகையைத் தள்ளும். குழாய் கூரையைத் தாண்டும் இடத்திலிருந்து மூன்று அடியாவது மேலே நிற்கவேண்டும்; பத்து அடி தூரத்துக்குள் இருக்கும் எதைவிடவும் இரண்டு அடி உயர்ந்திருக்கவேண்டும். இரண்டும் சேர்ந்துதான் கணக்கு.

இரண்டாவது அந்தத் தொப்பி. பலமான காற்று அதன் அடியில் மோதிக் கீழே திரும்புகிறது. அதை எடுத்துவிட்டு 'டி' (T) வடிவத் துண்டு ஒன்றை மாட்டினோம். எந்தத் திசையில் மாட்டுவது என்பதுதான் முக்கியம். கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது, வாடை வடகிழக்கிலிருந்து. இரண்டும் ஒரே கோட்டின் இரண்டு முனைகள். அதனால் 'டி'யின் கைகளை வடமேற்கு–தென்கிழக்காக வைத்தால் இரண்டு காற்றுமே வாய்க்குக் குறுக்காகப் போகும். குறுக்கே போகும் காற்று வாயில் அழுத்தத்தைக் குறைத்துப் புகையை உறிஞ்சி எடுக்கும். எந்தக் காற்று தொல்லையாக இருந்ததோ அதுவே இப்போது இழுத்துக் கொடுக்கிறது. போனில் திசைகாட்டியைத் திறந்து கூரைமேல் நின்று பார்த்து மாட்டுங்கள், கண் மதிப்பு வேண்டாம்.

'டி'யைக் கழற்றும்படி ஒரே திருகாணியோடு வையுங்கள், துப்புரவுக்கு வேண்டும். குழாய் உயர்ந்தால் மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டவும். ஐப்பசி, கார்த்திகைப் புயல் நாட்களில் கட்டாத குழாய் பக்கத்து வீட்டு முற்றத்தில் கிடக்கும்.

முதல் தீ

கட்டிய உடன் மூட்டாதீர்கள். நிழலில் நன்றாகக் காயட்டும். பிறகு சில நாட்கள் சுள்ளித் தீ மட்டும். அவசரப்பட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் பூச்சை வெடிக்கவைக்கும். மயிரிழை விரிசல் வந்தால் சாணியும் மண்ணும் கரைத்துப் பூசினால் போதும்.

ஒவ்வொரு முறையும் மூட்டும் முன் குழாயைச் சூடாக்குங்கள். ஒரு பிடி பன்னாடையைக் கொளுத்தி இரண்டாவது குழி வழியாகக் குழாய் வாய்க்கருகே பிடித்தால், 'உஸ்' என்று இழுக்கும் சத்தம் கேட்கும். அதன் பிறகு சட்டியை வைத்து விறகைப் பற்றவையுங்கள். குளிர்ந்த குழாய் இழுக்காது.

ஒரு சட்டிதான் சமையல் என்றாலும் இரண்டாவது குழியைத் திறந்து விடக்கூடாது. ஒரு பானைத் தண்ணீரை வைத்துவிடுங்கள், வெந்நீரும் ஆயிற்று.

விறகு

சீமைக்கருவேலத்துக்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டி அகற்றச் சொன்னபோதும் தீரவில்லை, இப்போதும் தீரவில்லை. நின்று எரியும், நல்ல கங்கு விழும். ஆனால் காய்ந்திருக்கவேண்டும். பச்சை விறகின் எடையில் பாதிவரைகூடத் தண்ணீர் இருக்கும். அது இருபது சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் ஒழுங்காக எரியும். இரண்டு கட்டைகளை மோதிப் பாருங்கள். 'டங்' என்றால் காய்ந்தது, 'தொப்' என்றால் இன்னும் கிடக்கட்டும். வெட்டுவாயில் வெடிப்பு தெரிவதும் அடையாளம். மாசி, பங்குனியில் வெட்டி வெயிலில் போட்டு, ஐப்பசிக்கு முன் கூரைக்குள் ஏற்றிவிடவேண்டும்.

பனை மட்டையும் ஓலையும் பற்றவைக்க மட்டும். குப்பென்று எழும், பொறி பறக்கும்.

விறகைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். சுருட்டை விரியனுக்கும் தேளுக்கும் அது வீடு. கையை விடுமுன் கம்பால் தட்டுங்கள்.

கங்கு, சாம்பல், கரி

மழை நாளில் கதவை அடைத்துவிட்டு உள்ளே கங்குச் சட்டி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது வேண்டாம். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் உடனே வெளியே வாருங்கள், 108க்குச் சொல்லுங்கள்.

சாம்பலுக்குள் கங்கு மறுநாள்வரைகூட உயிரோடு இருக்கும். மூடியுள்ள தகர வாளியில் எடுத்து, வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். நன்றாக ஆறியது மீன் கழுவ ஆகும், வழுக்காது.

குழாயில் கரி அரைக்கால் அங்குலம், அதாவது சுமார் 3 மி.மீ. படிந்தால் துடைக்கவேண்டும். கயிற்றில் ஒரு கல், அதற்கு மேல் தேங்காய் நார்ச் சுருணை. மேலிருந்து இறக்கி இழுத்தால் வந்துவிடும். கடையில் விற்கும் கம்பி பிரஷ் ஜி.ஐ. பூச்சைச் சுரண்டிவிடும், வாங்க வேண்டாம். 1980களில் அரசுத் திட்டத்தில் கொடுத்த புகையில்லா அடுப்புகள் பல கைவிடப்பட்டதற்கு அடைத்துப்போன குழாயும் ஒரு காரணம். துடைக்காமல் விட்ட கரி தீப்பிடித்தால் குழாய் இரையும், சிவக்கும். அப்போது தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பு வாயைத் தகரத்தாலும் ஈர மண்ணாலும் அடைத்து, எல்லாரையும் வெளியேற்றி 101ஐ அழையுங்கள்.

பின்சேர்க்கை

கீழக்கரைப் பக்கத்து வாசகி ஒருவர், பிற்பகலில் மட்டும் புகை திரும்புகிறது என்று எழுதினார். அங்கே கடல் தெற்கே இருப்பதால் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வந்து 'டி'யின் ஒரு கைக்குள்ளேயே நுழைகிறது. இரண்டு கை முனைகளிலும் நெட்டாக ஒரு துண்டுக் குழாயை நடுவில் இணைத்து, மேலும் கீழும் திறந்து, 'எச்' (H) வடிவமாக்கச் சொன்னேன். பக்கவாட்டுக் காற்று எத்திசையில் வந்தாலும் வாய்க்குள் நேராகப் புகாது. சரியாகிவிட்டதாம். மன்னார் வளைகுடா ஓரத்தில் இருப்பவர்கள் முதலிலேயே 'எச்' போட்டுவிடுங்கள், விலை சற்றுக் கூடும்.

பழைய வள்ளத்துப் பலகை எரிக்கலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். கடல்நீரில் ஊறிய மரத்தில் உப்பு இருக்கிறது. எரியும்போது டையாக்சின் என்ற நச்சு உண்டாகும், குழாயும் சீக்கிரம் அரித்துப்போகும். மேலே பூசிய பெயின்ட் வேறு. பைபர் படகுத் துண்டை அடுப்புக்கருகே கொண்டுவரவே கூடாது. கரையில் ஒதுங்கும் கட்டைக்கும் இதேதான், வேலிக்குப் போடுங்கள்.