குடும்பச் சிகிச்சையில விரிவுரையாளராக வேணுமெண்டா

குடும்பச் சிகிச்சை எண்டா, ஒருத்தற்ற வருத்தத்தை அவற்ற குடும்பத்தோட சேர்த்துப் பார்க்கிறது. கேம்பஸ் முடிச்ச கையோட கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்காதீங்க தங்கச்சி. ஒரு வருசமாவது சீனி வருத்த கிளினிக்கில, டொக்டருக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருங்க.

திருகோணமலையில நான் படிச்சது அப்பிடித்தான். மருந்தைக் கூட்டியும் ஒரு அம்மாவுக்குச் சீனி இறங்கேல்ல. துண்டுப் பேப்பரில மூண்டு தலைமுறையைக் கீறினம்: ஆம்பிளைக்குச் சதுரம், பொம்பிளைக்கு வட்டம், செத்தவைக்குப் பெருக்கல் குறி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு நாலு பெருக்கல். அதில ஒண்டு, ஊசி போட்டுவிட்ட மகள். அதைக் கீறேக்கதான் அம்மா வாய் திறந்தா.

இந்தப் படத்துக்கு ஜீனோகிராம் எண்டு பேர். இதைக் கைபடக் கீறிப் பழகுங்க, கணினியில வேண்டாம்.

வாசிப்புக்கு, உடல், உளம், சமூகம் மூண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி ஜோர்ஜ் எங்கெல் 1977இல எழுதின கட்டுரை. பிறகு குடும்பச் சிகிச்சை முன்னோடிகள் மினூச்சின், போவன் எழுதினதுகள்.

ஆய்வுக் கேள்வியை கிளினிக் வாங்கிலில தேடுங்க. மனச்சோர்வை அளக்கிற பிஎச்கியூ-9 எண்ட 9 கேள்வி வினாக்கொத்தை எடுத்தா, எங்கட ஆக்களுக்கு 'மனச்சோர்வு' எண்டா விளங்காது. 'மனம் சரியில்ல' எண்டாத்தான் விளங்கும். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கிறதே ஒரு ஆய்வு. நெறிமுறைக் குழு அனுமதி கிடைக்கமுதல் ஒருத்தரிட்டயும் தரவு எடுக்காதீங்க. நான் அவசரப்பட்டு எடுத்த 30 படிவமும் குப்பைக்குத்தான் போனது.