பம்ப் போட்டும் சுகர் ஏறுதா? மொதல்ல குழாயப் பாருங்க

இன்சுலின் பம்ப் (குழாய் வழியா நாள் முழுக்க உடம்புல இன்சுலின் ஏத்துற சின்ன மெஷின்) போட்டவங்க வீட்ல மீட்டர் 300னு காட்டுன உடனே வர்ற கேள்வி "என்ன சாப்ட்ட?" தான். தயவுசெஞ்சு அந்தக் கேள்விய அப்புறம் கேளுங்க, மொதல்ல குழாயப் பாருங்க. பம்ப்ல ஓடுறது வேகமா வேலை செய்யுற இன்சுலின் மட்டும்தான், நாள் முழுக்க நிக்கிற லாங் ஆக்டிங் எதுவும் உடம்புல இருக்காது, அதனால கேனுலா (தோலுக்குள்ள போற சின்ன குழாய்) உள்ள மடங்கிட்டாலோ செட் (கேனுலாவும் ட்யூபும் சேர்ந்தது) லேசா கழண்டுட்டாலோ சில மணி நேரத்துலயே கீட்டோன் (இன்சுலின் பத்தாம உடம்பு கொழுப்ப எரிக்கும்போது ரத்தத்துல சேர்ற அமிலம்) ஏற ஆரம்பிச்சிடும். டைப் 1 (உடம்பே இன்சுலின் சுரக்காத சுகர்) இருக்குற நமக்கு அது ஐசியூ வரைக்கும் கொண்டுபோகுற விஷயம்.

சுகர் 250க்கு மேல போனா கீட்டோன் செக் பண்ணுங்க. ரத்தத்துல பாக்குற மீட்டர்ல 0.6க்கு கீழ இருந்தா பம்ப்லயே ஏறுன சுகர இறக்குற டோஸ், அதாவது கரெக்‌ஷன் குடுத்துட்டு ஒரு மணி நேரம் கழிச்சு திரும்ப பாருங்க. அப்பவும் இறங்கலையா, பம்ப்ப நம்பாதீங்க, டாக்டர் சொல்லிக்குடுத்த அளவ பேனாலயோ சிரிஞ்சுலயோ போட்டுட்டு செட்ட மாத்துங்க. கீட்டோன் 0.6ஓ அதுக்கு மேலயோ இருந்தா காத்திருக்கவே வேணாம், நேரா ஊசி, புது செட், நிறைய தண்ணி. 1.5 தாண்டுனா டாக்டருக்கு போன் பண்ணிடுங்க. 3 வந்துட்டாலோ வாந்தி நிக்காம வந்தாலோ, மூச்சு வாங்குனாலோ, நேரா எமர்ஜென்சிக்கு போங்க, காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க.

செட் மாத்துறது 2, 3 நாளைக்கு ஒரு தடவ. ராத்திரி படுக்கப்போகும்போது மாத்தாதீங்க, காலைல டிபனுக்கு முன்னாடி மாத்துங்க, ஏதாவது கோளாறுனா முழிச்சிருக்கும்போதே தெரிஞ்சிடும். பிரிட்ஜ்லருந்து எடுத்த இன்சுலின அப்படியே ரிசர்வாயர்ல (பம்ப்குள்ள இன்சுலின் வைக்கிற குப்பி) ஏத்துனா சூடாகும்போது காத்துக்குமிழ் வரும், அதனால ரூம் சூட்டுக்கு வரவிட்டு ஏத்துங்க. ட்யூப்ல இன்சுலின் ஓட்டும்போது குழாய் உடம்புல மாட்டியிருக்கவே கூடாது, முனைல சொட்டு வர்றத கண்ணால பாத்த அப்புறம்தான் மாட்டணும். இடத்த மாத்திகிட்டே இருங்க, தொப்புளச் சுத்தி ரெண்டு இஞ்ச் விட்டுடுங்க, தடவிப்பாத்தா கட்டி மாதிரி இருக்குற எடத்துல குத்தாதீங்க, அங்க இன்சுலின் ஒழுங்கா ஏறாது. நம்மூர் டிரஸ்ஸுக்கு இன்னொன்னு, சுடிதார் நாடா, பாவாடை நாடா, வேட்டி மடிப்பு உக்காருற கோட்டுல கேனுலா வந்துச்சுனா உரசி உரசியே மடங்கிடும். குத்துறதுக்கு முன்னாடி டிரஸ்ஸ போட்டு அந்தக் கோடு எங்க விழுதுனு பாத்துக்கோங்க.

சென்னைல பம்ப் வச்சிருக்கவங்களுக்குப் பெரிய தொல்லையே வெயிலும் வேர்வையும்தான். வேகமா வேலை செய்யுற இன்சுலின் வகைகள்ல நிறையவும் 37 டிகிரிக்கு மேல சூடாகிட்டா அத தூக்கிப்போட்டுட்டு புதுசு ஏத்தணும், கத்திரி வெயில்ல வண்டில போறவங்களுக்கு இந்த சூடு ரொம்ப சாதாரணம். பம்ப்ப சட்டைக்கு வெளிய தொங்கவிடாதீங்க, வெயில்ல நிக்கிற வண்டி டிக்கில ஸ்பேர் இன்சுலின் வைக்காதீங்க. தாம்பரத்துலருந்து பீச் வரைக்கும் ட்ரெயின் கூட்டத்துல நின்னுட்டே போனா டேப் ஓரம் பிரிஞ்சிடும், அதனால எடத்த துடைச்சு நல்லா காயவிட்டு ஒட்டுங்க, மேல இன்னொரு ட்ரான்ஸ்பரன்ட் டேப்பும் போடுங்க. மெட்ரோலயும் ஏர்போர்ட்லயும் பம்ப்ப கழட்டி எக்ஸ்ரேக்குள்ள அனுப்ப வேணாம், செக்யூரிட்டிகிட்ட சொல்லி கையால செக் பண்ணச் சொல்லுங்க. எம்ஆர்ஐ ரூமுக்குள்ள அத கொண்டே போகக்கூடாது.

சாப்பாடு விஷயத்துல ஒரு சின்ன கிச்சன் தராசு வாங்கிடுங்க, கண்ணளவு ரொம்ப ஏமாத்தும். வெந்த சாதம் 100 கிராம்ல சுமாரா 28 கிராம் கார்ப் (மாவுச்சத்து), உங்க கணக்கு ஒரு யூனிட் இன்சுலினுக்கு 10 கிராம்னா கிட்டத்தட்ட 3 யூனிட். போலஸ் (சாப்பாட்டுக்குன்னு மொத்தமா குடுக்குற இன்சுலின்) சாப்பிடுறதுக்கு 15 நிமிஷம் முன்னாடி. வெண்பொங்கல் மட்டும் தனி கேஸ், நெய் இருக்கறதால சுகர் லேட்டா ஏறி ரொம்ப நேரம் நிக்கும், மொத்த போலஸையும் ஒரே அடியா குடுத்தா மொதல்ல லோ, அப்புறம் ஹை. பாதி இப்போ, மீதி கொஞ்ச கொஞ்சமானு பிரிச்சுக் குடுக்குற வசதி பம்ப்ல இருக்கு, எவ்ளோவுக்கு எவ்ளோனு டாக்டர்கிட்ட உக்காந்து செட் பண்ணிக்கோங்க. ஒரு தடவ போலஸ் குடுத்துட்டு இறங்கலனு உடனே இன்னொன்னு அமுக்காதீங்க, ஆக்டிவ் இன்சுலின் (முன்னாடி குடுத்ததுல இன்னும் வேலை செஞ்சுட்டிருக்குறது) எவ்ளோ மிச்சம்னு ஸ்க்ரீன்ல பாருங்க.

சுகர் 70க்கு கீழ போனா 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு திரும்ப செக். சாக்லேட்ல இருக்குற கொழுப்பு லேட் பண்ணும், இளநில சர்க்கரை கம்மி, ரெண்டும் அப்ப வேணாம்.

கடைசியா மழைக்காலம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாள் கணக்கா கரண்ட் இல்ல, தண்ணியும் வடியல. நவம்பர் பொறந்த உடனே செட், ரிசர்வாயர், பேட்டரியோ சார்ஜரோ, கீட்டோன் ஸ்ட்ரிப், பேனா, லாங் ஆக்டிங் எல்லாத்தையும் தண்ணி புகாத பைல எடுத்து வைங்க. பிரிட்ஜ் ஓடலனா இன்சுலின கவர்ல கட்டி, ஈர மணல்ல வச்ச மண்சட்டிக்குள்ள வைக்கலாம், ஐஸ் மேல நேரா வைக்காதீங்க, உறைஞ்சா வீணாயிடும். உங்க பேசல் ரேட் (பம்ப் நாள் முழுக்க கொஞ்ச கொஞ்சமா விடுற அளவு), கார்ப் கணக்கு, கரெக்‌ஷன் கணக்கு, பம்ப் நின்னா எவ்ளோ லாங் ஆக்டிங் போடணும்னு டாக்டர் சொன்ன அளவு, இது எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி அதே பைல போடுங்க, பம்ப் செத்துட்டா அந்த நம்பரும் அதோடயே போயிடும். அந்த பை எங்க இருக்குனு வீட்ல இன்னொருத்தருக்காவது காட்டி வைங்க.