அம்மாவோட கோயில் கூட்டாளிங்க ஊர்லேர்ந்து வந்து தங்கப் போறாங்களா? இத படிச்சிட்டு ஏற்பாடு பண்ணுங்க

எங்கம்மா பாளையங்கோட்டைக்காரங்க. அப்பா தவறினதுக்கப்புறம் எங்ககூட மடிப்பாக்கத்துல இருக்காங்க, ஆனா மனசு பூரா இன்னும் அங்க சர்ச்சோட பெண்கள் ஐக்கிய சங்கத்துலதான் கிடக்கு. எங்க பக்கம் சர்ச்ச கோயில்னுதான் சொல்லுவோம், அதனால கோயில் கூட்டாளிங்கன்னா யாரும் குழம்பிக்காதீங்க. அந்தக் கூட்டம் இதுவரைக்கும் ரெண்டு தடவ எங்க வீட்ல வந்து தங்கிருக்கு. கணக்கு டீச்சர் பெரியம்மா, நர்ஸ் சித்தி, ரெண்டு அக்கா தங்கச்சி அத்தைங்க, கோயில்ல ஆர்கன் வாசிச்சிட்டிருந்த மாமா, போஸ்டாபீஸ் மாமா. ஆறு பேரும் 65லேர்ந்து 78 வரைக்கும். எங்க வீடு டூ பெட்ரூம், ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

முதல் தடவ நான் சொதப்புன விதத்த முதல்ல சொல்லிடறேன். பெரியவங்க வர்றாங்கன்னு ஒரு சார்ட்டே போட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டினேன். காலைல ஓட்ஸ், மத்தியானம் உப்பு கம்மி சாப்பாடு, ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் ரெஸ்ட், யாரும் கிச்சனுக்குள்ள வரக்கூடாது, நான் எல்லாம் பாத்துக்கறேன்னு. ரெண்டு நாள் ஆறு பேரும் சோஃபாவுல வரிசையா உக்காந்து டிவிய பாத்துக்கிட்டு, நான் ஏதாவது குடுத்தா தேங்க்ஸ்மான்னு சொல்லிக்கிட்டு அமைதியா இருந்தாங்க. எனக்கு பெருமையா வேற இருந்துச்சு. மூணாவது நாள் காலைல நர்ஸ் சித்தி கிச்சன் வாசல்ல வந்து நின்னு, "ஏட்டி, எங்கள என்ன ஆஸ்பத்திரியில அட்மிட்டு பண்ணிருக்கியா"ன்னு கேட்டாங்க பாருங்க, அப்பதான் உறைச்சது. அவங்க கவனிப்பு வேணும்னு வரல. எங்கம்மாகூட உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டே ஊர்க்கதை பேசணும்னு வந்துருக்காங்க. அந்த ஆறு பேர்லயே ஒரு நர்ஸ் இருக்காங்க, நான் போய் அவங்களுக்கு நர்ஸ் வேல பாத்தேன்.

சரி, இப்ப ஏற்பாட்டுக்கு வருவோம். மாசம் முக்கியம். ஏப்ரல் மே வேணவே வேணாம். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மழை, எங்க ஏரியால தண்ணி நின்னா வெளிய கால் வைக்க முடியாது, டிசம்பர்ல அவங்களுக்கே கேரல், பண்டிகைன்னு ஒழியாது. ஜனவரி பாதிலேர்ந்து லெந்து காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், ஆரம்பிக்கறதுக்குள்ள கூப்பிடுங்க. லெந்துல நிறைய பேரு கறி மீன் தொட மாட்டாங்க, அது தெரியாம நீங்க மட்டன் எடுத்து வச்சிட்டு முழிப்பீங்க.

டிக்கெட்ட நீங்களே போட்டுக் குடுத்துருங்க. இப்ப 60 நாள் முன்னாடிதான் ரிசர்வேஷன் திறக்குது. பெரியவங்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்லயே போச்சு, ஆனா கீழ் பெர்த் கோட்டா இன்னும் இருக்கு. ஆம்பளைக்கு 60, பொம்பளைக்கு 45 வயசு ஆகிருக்கணும், ஒரு டிக்கெட்ல ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருக்கணும். இங்கதான் எல்லாரும் ஏமாறுறது. ஒண்ணா வரணும்னு ஆறு பேரையும் ஒரே டிக்கெட்ல போட்டா அந்தக் கோட்டாவே கிடைக்காது, அப்பறம் 78 வயசுக்காரர் மேல் பெர்த்த அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்பாரு. ரெண்டு ரெண்டு பேரா மூணு டிக்கெட் போடுங்க. பெட்டி மாறி விழுந்தா ஒருத்தர ஒருத்தர் தேடிக்கிட்டு போவாங்க, பரவால்ல, அதுவும் அவங்களுக்கு ஒரு பொழுதுபோக்குதான். நம்மள மாதிரி தென்சென்னைல இருக்கவங்க எழும்பூர் வரைக்கும் வரவைக்காதீங்க, நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்துலயே நிக்கும். ஆனா நிக்கற நேரம் கொஞ்சம்தான், சாமான் ஜாஸ்தி இருக்கும், அதனால செங்கல்பட்டு தாண்டும்போதே போன் பண்ணி பைய எல்லாம் வாசல் பக்கம் கொண்டாரச் சொல்லிருங்க. சாமான்னா சும்மா இல்ல. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கருப்பட்டி, அல்வா, மக்ரூன், ஒரு தூக்குல மாங்கா ஊறுகா. வண்டி ரெண்டு சொல்லிருங்க, ஒண்ணு ஆளுக்கு, ஒண்ணு டப்பாவுக்கு.

வீட்ல பாத்ரூம்தான் மொத வேல. வழுக்காத மேட், பிளாஸ்டிக் ஸ்டூல் ஒண்ணு, பெரிய பக்கெட், மக்கு. ஷவர யாரும் தொடக்கூட மாட்டாங்க. சுடுதண்ணி குழாய் எதுன்னு சிவப்பு டேப் ஒட்டிருங்க. ராத்திரி ஹால்லேர்ந்து பாத்ரூம் போற வழில ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும், அந்த வழில கிடக்கற மிதியடி, சார்ஜர் வயர், பிள்ளைங்க கார் பொம்மை எல்லாத்தையும் எடுத்துருங்க. உள்தாழ்ப்பாள் டைட்டா இருந்தா எண்ணெய் விட்டு வைங்க. எங்க வீட்ல ஒரு அத்தை உள்ள மாட்டிக்கிட்டாங்க, கத்தல, பாட்டு பாடிக்கிட்டு இருந்தாங்க, அதனால இருபது நிமிஷம் யாருக்கும் தெரியவே இல்ல.

தண்ணி பத்தி ஒரு பேச்சு கண்டிப்பா வரும், மனச திடப்படுத்திக்கோங்க. தாமிரபரணி தண்ணி குடிச்ச வாய், நம்ம போர் தண்ணில வாய் கொப்பளிச்சதும் "என்ன கொள்ள, இப்படி உப்பா கரிக்கி"ன்னு ஆரம்பிச்சு, எப்படித்தான் இந்த ஊர்ல இருக்கியளோன்னு முடிப்பாங்க. ரோஷப்படாதீங்க, கேன் தண்ணி ரெண்டு எக்ஸ்ட்ரா சொல்லி வைங்க, சமைக்கவும் அதையே எடுக்க ஆரம்பிச்சிருவாங்க.

படுக்கைக்கு, கட்டில் தேவைப்படறது யாருக்குன்னு முன்னாடியே அம்மாட்ட கேட்டு வைங்க. முட்டி வலிக்காரங்க தரைல படுத்தா காலைல எழுப்பறதுக்கு ரெண்டு ஆள் வேணும். மத்தவங்க எல்லாம் ஹால்ல பாய் மெத்தைய வரிசையா போட்டுக் குடுத்தா அதுதான் அவங்களுக்கு சொர்க்கம், ராத்திரி ஒரு மணி வரைக்கும் குசுகுசுன்னு பேச்சு ஓடும். குறட்டை கேஸ் ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டுட்டா மேட்டர் முடிஞ்சது.

மாத்திரை விஷயத்துல மட்டும் நான் இன்னமும் கறார். நாலு பேருக்கு சுகர், அதுல ரெண்டு பேரு இன்சுலின். இன்சுலின் போட்டுட்டு சாப்பாடு லேட்டானா சுகர் சட்டுன்னு இறங்கிரும், அதனால எட்டு மணிக்கு டிபன், ஒரு மணிக்கு சோறு, ராத்திரி எட்டுக்கு சாப்பாடு, இதுல கால் மணி நேரத்துக்கு மேல தள்ளக்கூடாது. மருந்த ஃபிரிட்ஜ் கதவுல வைங்க, ஃப்ரீசர் பக்கம் போகக்கூடாது, உறைஞ்சா அப்பறம் அது குப்பைக்குத்தான். வெளிய போகும்போது ஹேண்ட்பேக்ல கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். மத்தபடி யாரு அல்வா எத்தனை துண்டு எடுக்கறாங்கன்னு எண்ணாதீங்க. அந்த போலீஸ் வேலய நர்ஸ் சித்தி பாத்துக்குவாங்க, தான் ரெண்டு துண்டு வாய்ல போட்டுக்கிட்டே.

சமையல அவங்ககிட்ட விட்டுருங்க, இதுதான் நான் ரெண்டாவது தடவ கத்துக்கிட்டது. முந்தின நாளே தேங்கா பத்து, சின்ன வெங்காயம் ரெண்டு கிலோ, முருங்கைக்கா, பாசிப்பருப்பு வாங்கிப் போட்டுட்டு, "பெரியம்மா, சொதி எனக்கு சரியா வர மாட்டேங்குது, தேங்காப்பால் திரிஞ்சிருது"ன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அவ்ளோதான். அடுத்த பத்து நிமிஷத்துல ஒருத்தர் தேங்கா திருவ, ஒருத்தர் பால் பிழிய, டீச்சர் பெரியம்மா கைய கட்டிக்கிட்டு, ரெண்டாம் பால்ல காய வேக வைக்கணும், மொத பால கடைசில ஊத்தி கொதிக்க விடாம இறக்கணும், நீ கொதிக்க விட்டுருக்க அதான்னு எனக்கு கிளாஸ் எடுத்தாங்க. மாமாங்களுக்கும் வேல குடுங்க, இல்லன்னா பேப்பர மூணாவது தடவ படிச்சிட்டு காபி காபின்னு நச்சரிப்பாங்க. போஸ்டாபீஸ் மாமாவ மீன் வாங்க அனுப்புங்க, செவுள திறந்து பாத்து, பேரம் பேசி, மீன்காரம்மா எந்த ஊருன்னு விசாரிச்சு, அவங்களோட ஜெப விண்ணப்பத்தையும் வாங்கிக்கிட்டுதான் வருவாரு.

ஜெபம். இது தெரியாம யாரும் இந்தக் கூட்டத்த வீட்டுக்கு கூப்பிடாதீங்க. காலைல நாலரைக்கு எழுந்து பாட ஆரம்பிச்சிருவாங்க, மெதுவான்னா அவங்களுக்கு என்னன்னே தெரியாது, பல வருஷம் மைக் இல்லாம கோயில் பின்வரிசைக்கு கேக்கப் பாடின தொண்டை. கீழ் வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே ஒரு டப்பா முந்திரிக்கொத்தோட போய் சொல்லி வச்சிருங்க. நான் சொன்னேன், காலைல தனி ஜெபம், ராத்திரி ஏழரைக்கு குடும்ப ஜெபம், அப்ப எவ்ளோ சத்தமா வேணும்னாலும் பாடலாம்னு. ஒத்துக்கிட்டாங்க. குடும்ப ஜெபத்துக்கு ஒரு டெக்னிக் இருக்கு. அப்படியே விட்டா ஆறு பேரும் தனித்தனியா ஜெபம் பண்ணுவாங்க, ஒவ்வொருத்தரும் பேரன் பேத்தி பேரு, அவங்க பரீட்சை, விசா, வரன் எல்லாத்தையும் வரிசையா சொல்லுவாங்க, சோறு ஆறிரும், இன்சுலின்காரங்க கதி என்ன ஆகறது. அதனால இன்னிக்கு நீங்க வசனம், நீங்க பாட்டு, நீங்க ஜெபம்னு காலைலயே பிரிச்சு விட்டுருங்க. பாட்டு எடுக்கறவங்க ரொம்ப உசரமா எடுத்துட்டா ஆர்கன் மாமா கண்ண மூடிக்கிட்டே தலைய ஆட்டுவாரு, அப்பறம் அதுக்கு ஒரு விவாதம். எங்க பையன் எவர்சில்வர் தட்டுல தாளம் போட, மாமா அவனுக்கு சொல்லிக்குடுத்து, இப்ப அவன் பள்ளிக்கூடத்துல டெஸ்க்க தட்டி மாட்டிக்கிறான்.

டயோசிஸ் எலெக்ஷன், அதான் திருமண்டல நிர்வாகத் தேர்தல், அந்தப் பேச்சு மட்டும் எடுத்துராதீங்க. மாமாங்க ரெண்டு பேரும் வேற வேற அணி.

ஊர் சுத்தறதுக்கு ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும், அதுவும் காலைல எட்டரைக்கு கிளம்பி பன்னெண்டுக்குள்ள வீடு. முதல்ல பறங்கிமலை. போர்ச்சுகீசியர் 1523ல கட்டின கோயில் மேல இருக்கு, கல்லுல செதுக்கின பழைய சிலுவையும் இருக்கு. கீழேர்ந்து 100 படிக்கு மேல, ஆனா வண்டி மேல வரைக்கும் போகும். வண்டிலயே போங்க. எங்க அத்தைங்க ரெண்டு பேரும் நாங்க படியேறித்தான் வருவோம்னு ஒரே அடம், சரின்னு நானும் கூட ஏறினேன், பாதிலயே எனக்கு மூச்சு வாங்குது, அவங்க மேல நின்னு ஏர்போர்ட்ல பிளேன் இறங்கறத எண்ணிக்கிட்டு இருக்காங்க. சாந்தோமுக்கும் கூட்டிட்டு போங்க, நாம சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), அது ஆர்சி (ரோமன் கத்தோலிக்) கோயிலாச்சேன்னு யாரும் யோசிக்க மாட்டாங்க, இயேசுவோட சீடர் தோமா எல்லாருக்கும் பொது. அவரு கல்லறை கீழ இருக்கு, கைய புடிச்சு இறக்கிட்டு போகணும்.

சிஎஸ்ஐ ஆளுங்கன்னா ஜெமினி பக்கத்துல கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல விட்டுராதீங்க. 1947 செப்டம்பர் 27, தென்னிந்தியத் திருச்சபை பொறந்ததே அங்கதான். சுதந்திரம் வந்து ஒன்றரை மாசம்கூட ஆகல. டீச்சர் பெரியம்மா உள்ள போய் உக்காந்தவங்க அரை மணி நேரம் எழுந்திரிக்கல, வெளிய வந்து "நம்ம ஊசிக்கோபுரம் மாதிரி வராது, இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு"ன்னு சர்டிபிகேட் குடுத்தாங்க. ஊசிக்கோபுரம்னா பாளையங்கோட்டை கதீட்ரல். ஆர்கன் மாமாவுக்காக எழும்பூர்ல செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க். 1821லேர்ந்து இருக்கற கோயில், மண்ணு இளக்கமா இருந்ததால கிணறு கிணறா இறக்கி அஸ்திவாரம் போட்டிருக்காங்க, மேல பெரிய வட்டக் கூரை, உள்ள பழைய பைப் ஆர்கன். மாமா அத தொடல, பத்தடி தள்ளி நின்னு கைய பின்னால கட்டிக்கிட்டு பாத்துக்கிட்டே இருந்தாரு. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள இருக்கற செயின்ட் மேரீஸ் 1680ல கட்டினது, ராபர்ட் கிளைவ் கல்யாணம் நடந்த கோயில், அதுக்கு போனா ஆளாளுக்கு ஆதார் கார்டு கைல இருக்கட்டும், வாசல்ல கேப்பாங்க.

பீச்சுக்கு சாயங்காலம். மெரினால மணல் ரொம்ப தூரம், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ல மரப்பாதை போட்டிருக்காங்க, முட்டி வலிக்காரங்கள அந்த வழியா கூட்டிட்டு போனா தண்ணிய கிட்டக்க பாக்கலாம். ஒரு நாள் சும்மா பிங்க் பஸ்ல ஏத்தி விடுங்க. பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, மாமாங்க மட்டும் காசு குடுக்கணும், அத வச்சே அத்தைங்க ரெண்டு நாள் ஓட்டிருவாங்க. தி.நகர் கேப்பாங்க, வார நாள்ல கடை திறந்ததும் போயிட்டு கூட்டம் சேர்றதுக்குள்ள திரும்பிருங்க.

ஞாயித்துக்கிழமைக்கு சனிக்கிழமையே அயர்ன்காரர்ட்ட சேலை போயிரணும். ஆறு பேரு, ஒரு பாத்ரூம், எட்டு மணி ஆராதனை, அதனால குளிக்கற வரிசைய எங்கம்மா பேப்பர்ல எழுதி கதவுல ஒட்டினாங்க. என்னோட சார்ட்ட மதிக்காதவங்க அத மட்டும் அப்படியே கேட்டாங்க.

கிளம்பற நாள், டிரெயின் ஏழரைக்குன்னா ஆறரைக்குன்னு சொல்லி வைங்க. ஏன்னா கிளம்பும்போது ஒரு ஜெபம் உண்டு, அது முடிஞ்சு செருப்பு போட்டதும் அம்மா அழுவாங்க, அதுக்கு இன்னொரு ஜெபம், வண்டிக்காரர் கீழ ஹார்ன் அடிச்சா அவருக்கும் சேத்து ஒண்ணு. ராத்திரிக்கு புளிசாதமோ இட்லி மிளகாப்பொடியோ கட்டிக் குடுத்துருங்க. அப்பறம் தலையணைக்கு அடில கண்ணாடி, பிளக்ல சார்ஜர், பால்கனில துண்டு, பாத்ரூம்ல பல்செட், எல்லாம் ஒரு ரவுண்டு பாருங்க. நாங்க எல்லாத்தையும் பாத்தோம், ஃபிரிட்ஜ மறந்துட்டோம், எங்க வீட்டுக்காரர் இன்சுலின ஐஸ் பேக்ல சுத்தி எடுத்துக்கிட்டு தாம்பரம் பிளாட்பாரத்துல ஓடி, ஜன்னல் வழியா குடுத்துட்டு வந்தாரு. கதவ பூட்டறதுக்கு முன்னாடி ஃபிரிட்ஜ ஒரு தடவ திறந்து பாத்துருங்க.