சுக்கான் ஆடுகிறதா? முளையும் வளையமும் மாற்றும் வழி

வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் கரையை ஒட்டி வெகுதூரம் ஆழமே கிடையாது. படகைத் திருப்பும் சுக்கானைத் தூக்க மறந்துவிட்டால் அது மணலில் முட்டும், முட்டுகிற அடி முழுக்க அதைப் படகோடு பிடித்திருக்கும் அந்தச் சின்ன உலோகத் துண்டுகளில்தான் இறங்கும். சுக்கானில் இருப்பது முளை, படகின் பின்பலகையில் இருப்பது வளையம். கடையிலோ ஆன்லைனிலோ கேட்கும்போது பிண்டில், கட்ஜன் என்று கேளுங்கள்.

படகைக் கரையேற்றி, சுக்கானைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். முளை மட்டும் வளையத்துக்குள் ஆடினால் தேய்மானம், அவசரமில்லை. வளையமே பலகையை விட்டு அசைந்தாலோ, போல்ட் தலையைச் சுற்றிப் பழுப்பாக வடிந்திருந்தாலோ உடனே கழற்ற வேண்டியதுதான்.

வாங்கும்போது 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். காந்தம் ஒட்டவில்லை, நல்ல சரக்கு என்று கடைக்காரர் காட்டுவார், அதை நம்பி வாங்காதீர்கள், ஏனென்றால் 304 தர ஸ்டீலிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது, ஆனால் உப்புத்தண்ணீரில் அது 316 அளவுக்குத் தாங்காது. போல்ட், நட், வாஷரும் அதே தரமாக இருக்கட்டும். பழைய துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள்: முளையின் பருமன், சுக்கான் பலகையின் தடிமன், ஓட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மூன்றும் பொருந்த வேண்டும். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் அதே அளவில் செய்து வாங்கலாம்.

கழற்றும்போது இரண்டு வளையத்தையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். ஒன்று இருந்தால்தான் மற்றதற்கு அடையாளம். எடுக்கும் முன் சுற்றிலும் பென்சிலால் கோடு போடுங்கள். நட் இறுகிப்போயிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விடுங்கள், சுத்தியலை எடுக்க வேண்டாம்.

பெரும்பாலும் உலோகத்தைவிட ஓட்டைதான் முதலில் கெட்டுப்போயிருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கி, முழுக்கக் காயவிடுங்கள். உப்பு இருந்தால் அந்த மரம் காயவே காயாது. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, பொடி கலந்து கெட்டியாக்கிய எபாக்சிப் பசையால் அடைத்து, இறுகியதும் போல்ட் அளவுக்குத் திரும்பத் துளையிடுங்கள். அப்புறம் தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

அடுத்து, ரொம்பப் பேர் அவசரப்படும் இடம். முளையின் பருமனிலேயே நேரான ஒரு கம்பியை எடுத்து, மேல் வளையத்திலும் கீழ் வளையத்திலும் சேர்த்து நுழையுங்கள். அது தானாகச் சுழல வேண்டும். எங்காவது பிடித்தால் இரண்டு வளையமும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று அர்த்தம். அப்படியே முறுக்கிவிட்டால் கதவுக் கீல் கோணலாக அமைந்த மாதிரி கடலில் சுக்கான் முரண்டு பிடிக்கும், சீக்கிரமே தேய்ந்தும் போகும். பலகை மேடு பள்ளமாக இருந்தால் வளையத்தின் அடியில் மெல்லிய நைலான் தகடு வைத்துச் சமப்படுத்துங்கள்.

சரியாக வந்ததும், ஓட்டையின் விளிம்பை லேசாகச் சரித்து, பாலியூரித்தேன் சீலண்ட் தாராளமாகப் பூசி போல்டை நுழையுங்கள். குளியலறைக்கு வாங்கிய சிலிக்கான் வேண்டாம். உள்பக்கம் அகலமான தகடு, வாஷர், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் தளராத நட்). போல்டைத் திருகாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் முறுக்குங்கள், சீலண்ட் பிதுங்கியதும் நிறுத்தி, அது இறுகிய பிறகு இன்னும் கால் சுற்று. பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தில்தான் இறுகும், எனவே நம் கடற்கரைக் காற்று அதற்கு நல்லதுதான், பூசும் இடம் மட்டும் உலர்ந்திருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்பது டியூபிலேயே இருக்கும்.

சுக்கானை மாட்டும்போது இரண்டு முளையில் நீளமானதை முதலில் வளையத்தில் இறக்குங்கள், மற்றது தானாக இடம் பிடிக்கும். சுக்கான் மேலே எழும்பி நழுவாமல் இருக்க முளையில் கிளிப் மாட்டி, சுக்கானுக்கும் படகுக்கும் ஒரு கயிறும் கட்டிவிடுங்கள். முதல் ஓட்டத்தைக் காற்று குறைந்த காலை நேரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, திரும்பியதும் நட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.