மடிக்கணினியின் விரிவாக்க கார்டு: லினக்ஸ் தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் கோட்டாறில் எனக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர், பழைய கல்யாணக் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருகிறார். மினிடிவி (MiniDV) கேசட் கேமராவிலிருந்து படத்தை இறக்க ஃபயர்வயர் என்ற இணைப்பு வேண்டும். அவரது மடிக்கணினியில் அதற்கு, துளையில் செருகும் கார்ட்பஸ் வகை விரிவாக்க கார்டுதான் வழி. காலையில் லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினால் கார்டு தென்படாது. உருவிச் செருகினால் உடனே வந்துவிடும். கார்டு கெட்டுவிட்டது என்று புதிது தேடிப் புறப்படுவதுதான் இதில் பெரிய தவறு.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு கார்டின் இணைப்பு முனைகள் களிம்பேறுவதும் உண்டு. ஆகவே சிக்கல் முனைகளிலா, லினக்ஸ் தொடங்கும் வரிசையிலா என்று முதலில் பிரித்தறியுங்கள். கார்டைத் தொடாமல், பிசிகார்ட்சிடிஎல் (pccardctl) கட்டளையால் இஜெக்ட் (eject, வெளியேற்று), பிறகு இன்சர்ட் (insert, செருகு) கொடுத்துப் பாருங்கள். அதிலேயே கார்டு வந்துவிட்டால் முனைகளில் குறையில்லை. தொடக்க வரிசையில்தான் சிக்கல். வராவிட்டால் மட்டும் துளையைப் பாருங்கள். உள்ளே இருக்கும் 68 ஊசிகளும் மிக மெல்லியவை, அழுத்தித் துடைத்தால் வளைந்துவிடும்.

கார்டு எந்த வகை என்று பாராமல் பழைய குறிப்புகளைப் பின்பற்றுவது அடுத்த தவறு. 16 பிட் பிசி கார்டுக்கும் கார்ட்பஸுக்கும் ஒரே துளை. இரண்டுக்கும் பெரும்பாலும் அந்தத் துளையை இயக்கும் யென்டா சாக்கெட் என்ற மென்பொருள் மாட்யூல் தேவை. ஆனால் கார்ட்பஸை லினக்ஸின் மையமான கெர்னல், கணினியின் உள்பாதையான பிசிஐயில் இணைந்த சாதனமாகவே காண்கிறது. எக்ஸ்பிரஸ்கார்டு என்ற பிற்கால வகைக்கு யென்டாவே வேண்டாம்; அது பிசிஐ எக்ஸ்பிரஸ் அல்லது யுஎஸ்பி வழியில் இயங்குவது. முன்பு கார்டுகளைக் கவனித்துவந்த கார்டுமேனேஜர் (cardmgr) சேவையை நிறுவச் சொல்லும் குறிப்பைக் கண்டால் ஒதுக்கிவிடுங்கள். 2005-இல் வந்த 2.6.13 கெர்னலிலிருந்து அதன் வேலையை, சாதனங்கள் சேர்வதைக் கவனிக்கும் யூடெவ் (udev) ஏற்றுக்கொண்டது.

கெர்னல் பதிவை வாசிக்காமல் எதையும் மாற்றாதீர்கள். பிரிட்ஜுக்கு (உள்பாதைகளை இணைக்கும் பாலம்) பின்னால் பஸ் (உள்பாதை) எண் மறைந்திருப்பதாகச் சொல்லும் வரி அதில் இருந்தால், தொடக்கத்தில் கெர்னலுக்குத் தரும் பூட் அளவுருக்களில் 'பிசிஐ=அசைன்-பஸ்ஸஸ்' (pci=assign-busses) சேர்க்க வேண்டும் என்பதையும் அந்த வரியே சொல்லிவிடும்.

கார்டு வரட்டும் என்று தொடக்க ஸ்கிரிப்டில் 'பத்து விநாடி பொறு' என்று எழுதுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இன்று பத்து போதும். நாளை வட்டு மெதுவாகச் சுழன்றால் போதாது. சாதனம் சேர்ந்ததும் அதைப் பயன்படுத்தும் சேவையைத் தொடங்க யூடெவ் விதி எழுதினால், கார்டு எப்போது எழுந்தாலும் வேலை நடக்கும். கார்டு வழியே இணையும் வெளிவட்டு, தொடக்கத்தில் இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் இருந்தால், அந்த வரியில் 'நோஃபெயில்' (nofail) சேருங்கள். இல்லையெனில் வட்டு வராதபோது, லினக்ஸின் தொடக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி (systemd) வழக்கமாக 90 விநாடி காத்திருந்து, அவசரநிலைத் திரையில் நின்றுவிடும்.